பரணில் இருக்கும் பெட்டியை மூன்றாகப் பிரிக்காதீர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். மதுரைப் பக்கத்தில் பிறந்தவர். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கணவர் ஜெர்மன் வம்சாவளி. கணவரின் எள்ளுத்தாத்தா 1868இல் பால்டிக் கடலோரப் பகுதியான பொமரேனியாவிலிருந்து கப்பலேறி வந்து, மில்வாக்கிக்கு வடக்கே நிலம் வாங்கிப் பண்ணை போட்டவர். அந்தப் பண்ணை வீடு இந்த இலையுதிர் காலத்தில் விற்பனைக்குப் போகிறது. மாமனார் காலமாகிவிட்டார், வீட்டையும் அதிலுள்ள பொருட்களையும் மாமியார் பேருக்கே உயில் எழுதியிருந்தார். 86 வயதான மாமியார் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், நினைவு தெளிவாக இருக்கிறது.

பரணில் ஒரு தகரப் பெட்டி. அதில் 1868 முதல் 1950கள் வரை வந்த சுமார் 300 கடிதங்கள், ஒரு குடும்ப பைபிள், ஞானஸ்நானச் சான்றிதழ்கள், ஜெர்மன் மொழியில் எழுதிய மூன்று பண்ணைக் கணக்கு நோட்டுகள், யார் யார் என்று தெரியாத புகைப்படங்கள். கணவரின் அக்கா எல்லாவற்றையும் மூன்று பங்காகப் பிரிக்கலாம் என்கிறார். தம்பி கவர்களைத் தபால்தலைக்காக விற்கலாம் என்கிறார். 1930களில் வந்த ஒரு கட்டை எரித்துவிடவும் சொல்கிறார். அதில் உறவினர் ஒருவர் ஹிட்லரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறாராம்.

"என் அப்பா வழித் தாத்தாவின் கையெழுத்து எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இங்கே ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. ஆனால் நான் மருமகள்தானே, இதில் பேச எனக்கு என்ன உரிமை?" என்று கேட்டு முடித்திருக்கிறார். இடையில், லேமினேஷன் செய்யலாமா, ஸ்கேன் செய்தபின் அசலைத் தூக்கிப் போடலாமா, காப்பகத்துக்குக் கொடுத்தால் கைவிட்டுப் போய்விடுமா, இதைக் காட்டிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சட்டப்படி அந்தப் பெட்டி உங்களுடையது இல்லை. உங்கள் கணவருடையதும் இல்லை, அவருடைய அக்கா தம்பியுடையதும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் உயில் விவரம் சரி என்றால் பெட்டி இன்று உங்கள் மாமியாருக்குச் சொந்தம். மூன்று பேரும் பங்கு பற்றிப் பேசுகிறார்கள். அவரிடம் யாராவது கேட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவரும் அந்த வீட்டுக்கு வாழ வந்த மருமகள்தான். அவருக்கு முன் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டது அவருடைய மாமியார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 300 கடிதங்கள் நூற்றைம்பது வருஷம் தாண்டி வந்திருப்பது அந்த மருமகள்களால்தான். அதனால் "நான் மருமகள்தானே" என்று தயங்க வேண்டாம். உரிமை அவருடையது, பொறுப்பை உங்களிடம் தரும்படி அவரிடம் கேட்கலாம். அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அப்புறம் வரும் பேச்சுவார்த்தை எல்லாம் சுலபமாகும். உயிலிலேயே சேர்க்க விரும்பினால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

ஏன் பிரிக்கக் கூடாது

என் வேலை பழைய தாள்களோடுதான். பூஞ்சணம் பிடித்த கட்டையும், இராமபாணப் பூச்சி அரித்த நோட்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றையெல்லாம் ஓரளவு மீட்டுவிடலாம். மூன்று வீடுகளுக்குப் பிரிந்துபோன ஒரு கட்டு மறுபடி ஒன்று சேர்ந்ததை மட்டும் நான் பார்த்தது மிகக் குறைவு. ஒரு கடிதத்துக்குப் பதில் அடுத்த கடிதத்தில் இருக்கும். 1881இல் அண்ணன் கேட்ட கடன், பண்ணைக் கணக்கில் 1882இல் வரவாகவோ செலவாகவோ நிற்கும். கணக்கு நோட்டு அக்கா வீட்டிலும் கடிதம் தம்பி வீட்டிலும் இருந்தால் இரண்டுமே ஊமையாகிவிடும்.

கவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை உலுக்கியது. 1941 வரை வந்த கவர்களில் பொமரேனியாவில் உள்ள அதே கிராமத்தின் பெயர். 1947இல் வந்த அடுத்த கவரில் வட ஜெர்மனியில் உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்று இருக்கிறது, "ஏன் ஊர் மாறினார்கள் என்று புரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களாக விரும்பி மாறவில்லை. 1945க்குப் பிறகு பொமரேனியாவின் கிழக்குப் பெரும்பகுதி போலந்துக்குப் போனது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் தப்பி ஓடினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். மேற்கே வந்தவர்களில் ஏராளமானோர் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில்தான் ஒதுங்கினார்கள். வீடு, நிலம், சுவரில் தொங்கிய படம், பெட்டியில் இருந்த கடிதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அந்தப் பகுதியின் தேவாலயப் பதிவேடுகளில் நிறைய போரில் அழிந்தும் போயின. யோசித்துப் பாருங்கள்: அந்தக் கிராமத்து வீட்டிலிருந்து மிஞ்சியது என்று சொல்ல, உங்கள் மாமியார் வீட்டுப் பரணில் இருப்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லாமலிருக்கலாம். 1947 கடிதத்தில் காபித்தூள், சோப்பு என்று வருவதாகச் சொன்னீர்களே, அது பெரும்பாலும் அமெரிக்க உறவினர்கள் அனுப்பிய உணவுப் பொட்டலத்துக்கு நன்றியாக இருக்கும். 1946லிருந்து கேர் என்ற அமைப்பின் வழியாக இப்படிப் பொட்டலங்கள் ஐரோப்பாவுக்குப் போயின.

இந்தக் கதையைச் சொல்வது கவரில் உள்ள ஊர்ப்பெயரும் அஞ்சல் முத்திரையும்தான். அதனால் கொழுந்தனாரிடம் பதமாகச் சொல்லுங்கள்: தபால்தலையை ஆவியில் காட்டி உரிக்க வேண்டாம், கவரை விற்க வேண்டாம். கறுப்புக் கரை போட்ட கவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை, அவை சாவுச் செய்தி கொண்டுவந்தவை. கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் முன்பே யாரோ போய்விட்டார்கள் என்று வாங்கிய கைக்குத் தெரிந்துவிடும்.

பங்கு கேட்கும் நாத்தனார் மேல் கோபப்பட வேண்டாம். தனக்கு ஒன்றுமில்லாமல் போய்விடுமோ என்ற பயம் அது. எல்லாவற்றின் ஸ்கேனும் மூன்று வீட்டுக்கும் முழுசாகப் போகட்டும். பைபிளை மட்டும் ஒருவர் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், குடும்பப் பிறப்பு இறப்பு எழுதிய பக்கங்களைப் படமெடுத்துவிட்டுக் கொடுக்கலாம். பல காப்பகங்கள் பைபிளை எடுத்துக்கொள்வதும் இல்லை. கடிதமும் கணக்கும் படமும் மட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

லேமினேஷன், பாஸ்போர்ட், பெயர்

1868ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஒன்றை ஆசையாக லேமினேட் செய்து சட்டம் போட்டதாக எழுதியிருந்தீர்கள். நடந்தது நடந்துவிட்டது. பிளாஸ்டிக்கைப் பிரிக்க இஸ்திரிப் பெட்டி, அசிட்டோன் என்று எதையும் முயல வேண்டாம், தாளோடு கிழிந்து வரும். வெயில் படாத இடத்தில் வையுங்கள், நல்ல ஸ்கேன் ஒன்று எடுங்கள், தாள் பராமரிப்பு நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள். லேமினேஷனில் சூடும் பசையும் தாளின் நாருக்குள் இறங்கிவிடுவதால் அதைத் திரும்ப எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். மற்ற 300 தாள்களும் தப்பித்தன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அதன் தலைப்பைப் படித்தேன். "என்ட்லாஸுங்ஸ்-உர்குண்டே" என்று இருக்கிறது. பொமரேனியா அன்று பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் கீழ் இருந்தது. பிரஷ்யாவின் பிரஜை என்ற நிலையிலிருந்து அவரை விடுவித்த பத்திரம் அது. அதாவது, எந்தத் தாளைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் கேட்கலாம் என்று நினைத்தீர்களோ, அந்தத் தாளே அந்த உரிமை அன்றோடு முடிந்தது என்று சொல்கிறது. அது இல்லாவிட்டாலும் நிலைமை மாறியிருக்காது. 1914க்கு முன் இருந்த சட்டப்படி, தூதரகத்தில் பதிந்துகொள்ளாமல் பத்து வருடம் வெளிநாட்டில் வாழ்ந்தாலே பொதுவாகக் குடியுரிமை போய்விடும். 1904க்கு முன் வந்த குடும்பங்களுக்கு இந்த வழி பெரும்பாலும் திறப்பதில்லை. ஏமாற்றம்தான், ஆனால் அதற்காகப் பணம் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரி தப்பாக எழுதியதால் குடும்பப் பெயர் மாறியது என்ற கதையையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892இல். 1868இல் நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அவர் அதற்கு முந்தைய நிலையமான காஸில் கார்டன் வழியாக வந்திருப்பார். எல்லிஸ் தீவிலும்கூட அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்தில் தயாரித்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாற்றம் பெரும்பாலும் பிற்பாடு, பள்ளியிலும் கடையிலும் பத்திரப் பதிவிலும், அவரவர் விருப்பத்தோடு நடந்தது. இதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. மூன்று கணக்கு நோட்டுகளிலும் எள்ளுத்தாத்தா எந்த வருடத்திலிருந்து எழுத்தை மாற்றிக் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். அவர் ஹாம்பர்க்கிலிருந்து ஏறியிருந்தால் கப்பல் பட்டியலும் கிடைக்க வாய்ப்புண்டு. 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள் அந்த நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரேமன் என்றால் கஷ்டம், பழைய பட்டியல்கள் அழிந்துவிட்டன.

1917க்குப் பிறகு இரண்டு வருட இடைவெளி

பெட்டியில் இந்த இரண்டு வருடக் கடிதங்கள் மட்டும் இல்லை. கொள்ளுப்பாட்டி கோபத்தில் அவற்றை எரித்திருப்பார் என்று வீட்டில் சொல்கிறார்களாம். அப்படியும் இருக்கலாம். ஆனால் 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜெர்மனியோடு தபால் போக்குவரத்தே நின்றுபோனது. கடிதம் வராமல் இருந்ததற்கு அதுவே போதும். அப்போதைய பயமும் சாதாரணமானதில்லை. பக்கத்து மாநிலமான அயோவாவில் 1918 மே மாதம் ஆளுநர் ஹார்டிங், பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் தேவாலய வழிபாட்டிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று உத்தரவிட்டார். அதற்கு முந்தைய மாதம் இல்லினாய் மாநிலத்தில் ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மானியரை ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. குடியுரிமை வாங்காத ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் ஜெர்மன் கடிதம் வைத்திருப்பதே துணிச்சல். மிச்சக் கடிதங்களை எரிக்காமல் வைத்திருந்த கொள்ளுப்பாட்டியை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. கணக்கு நோட்டு எந்த மாதத்தில் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறுகிறது என்று பாருங்கள். மாறியிருந்தால், அந்தத் தேதியே ஒரு ஆவணம்.

1930களின் கட்டு

இதில் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: எரிக்காதீர்கள். கொழுந்தனாரின் கூச்சம் எனக்குப் புரிகிறது. அது நல்ல மனசிலிருந்து வருவதும்கூட. ஆனால் ஒரு சாதாரண விவசாயி, பெரிய பதவி எதுவும் இல்லாதவர், 1934இல் தன் அமெரிக்கச் சொந்தத்துக்கு எப்படி அந்த ஆட்சியைப் புகழ்ந்து எழுதினார் என்பது எந்த அரசாங்கக் கோப்பிலும் கிடைக்காது. அந்த ஆட்சியால் அழிந்தவர்களுக்கு, அது எப்படி வீடு வீடாக வேர்விட்டது என்ற உண்மையையாவது நாம் மிச்சம் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்கு உங்கள் வீட்டார் என்ன பதில் எழுதினார்கள் என்று அடுத்த கடிதத்திலிருந்து தெரியவந்தால் அதுவும் முக்கியம்.

முன்பு ஒரு குடும்பம் இப்படிச் சில கடிதங்களை நீக்கிவிட்டு மிச்சத்தை என்னிடம் கொண்டுவந்தது. அடுத்தடுத்த கடிதங்களில் "நீ போன முறை எழுதியது எங்களைக் காயப்படுத்தியது" என்ற மாதிரி வரிகள். நீக்கியதில் என்ன இருந்திருக்கும் என்று பேரப்பிள்ளைகள் இன்றுவரை ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைவிட மோசமாகவே ஊகிக்கிறார்கள்.

காப்பகத்துக்குக் கொடுக்கும்போது அந்தக் கட்டை மட்டும் இத்தனை வருடம் யாருக்கும் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட முடியும். கொழுந்தனார் அதற்கு ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அதுவரை இதைப் படமெடுத்து சமூக ஊடகத்தில் போடாதீர்கள். எழுதியவரின் பிள்ளைகள், பேரர்கள் ஜெர்மனியில் இருப்பார்கள்.

தாளைக் காப்பது

முதலில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். விஸ்கான்சின் பரண் கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி. இந்த ஏற்ற இறக்கம்தான் தாளுக்கு எமன். நிலவறையும் வேண்டாம், அங்கே தண்ணீர் வரும். ஆட்கள் புழங்கும் அறையில், வெளிச்சுவரை ஒட்டாத ஒரு அலமாரி போதும். வெப்பம் 21 டிகிரி செல்சியஸுக்குள், ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

வெளியே எடுக்கும் முன், எந்தக் கட்டு எங்கே இருந்தது, எந்த நாடாவில் கட்டியிருந்தது என்று போனிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். தேதி வரிசையில் அடுக்க அவசரப்படாதீர்கள். யாரோ ஒருவர் ஏதோ காரணத்துக்காகத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார். ரப்பர் பேண்டு, குண்டூசி, துருப்பிடித்த கிளிப் ஆகியவற்றை மெதுவாக எடுத்துவிடலாம். செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். பிரிக்கும்போது விரியாத தாளை வலுக்கட்டாயமாக விரிக்க வேண்டாம். கையுறை அவசியமில்லை, கழுவித் துடைத்த காய்ந்த கைதான் தாளுக்கு நல்லது. புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரில் கையுறை போடுங்கள்.

பழுப்பாக மாறிய எழுத்தைச் சுற்றித் தாள் வெடித்திருப்பதாகச் சொன்னீர்கள். அது பூச்சி இல்லை. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மை அது. அன்றைய ஐரோப்பாவில் பரவலாக எழுதிய மைதான், கொஞ்சம் கொஞ்சமாகத் தாளையே தின்னும். ஈரம் பட்டால் வேகமாகத் தின்னும். அதனால் அந்தக் கடிதங்களை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. அமிலம் இல்லாத மடிப்பு அட்டைகளில் பத்துப் பதினைந்து கடிதமாக, அதனதன் கவரோடு வைத்து, அதே தரமுள்ள பெட்டியில் நிறுத்திவையுங்கள். நீங்கள் வாங்கிவைத்த பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாலியெஸ்டர், பாலிப்ராப்பிலீன் என்றால் பரவாயில்லை. செய்தித்தாள் துண்டுகளைத் தனியே வையுங்கள், அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் தாவும். தாளில் எதையும் பேனாவால் எழுத வேண்டாம், மடிப்பு அட்டையில் பென்சிலால் எழுதுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது கடிதத்துக்கு அங்குலத்துக்கு 400 புள்ளி, படத்துக்கு 600 புள்ளி (dpi) என்ற அடர்த்தி போதும், டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். கவரின் இரண்டு பக்கமும், வெற்றுப் பக்கமும் சேர்த்து. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். அசலைத் தூக்கிப் போடலாமா என்றால், கூடாது. 1868ஆம் ஆண்டுத் தாளை இன்று கையில் எடுத்துப் படிக்கிறீர்கள். நீங்கள் இருபது வருடத்துக்கு முன் சிடியில் பதிந்த கல்யாணப் படங்களைத் திறக்க முடியவில்லை என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

படிப்பது எப்படி

ஜெர்மன் தோழியாலும் படிக்க முடியவில்லை என்றால் அவர் மேல் தப்பில்லை. அது குரென்ட் என்ற பழைய கையெழுத்து. அதில் e என்ற ரோமன் எழுத்து n மாதிரி இருக்கும். u-வை அடையாளம் காட்ட மேலே ஒரு சின்ன வளைவு போடுவார்கள். 1915லிருந்து பிரஷ்யப் பள்ளிகளில் ஸூட்டர்லின் என்ற எளிய வடிவம் வந்தது, 1941இல் இரண்டையுமே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் படித்தவர்களுக்கு இது தெரியாத எழுத்து. ஆனால் கற்றுக்கொள்ள முடியும். நம் ஊர்க் கடிதம் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குகிற மாதிரி, இந்தக் கடிதங்களும் பெரும்பாலும் நாங்கள் உடல்நலத்தோடு இருக்கிறோம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறோம் என்றுதான் தொடங்கும். அந்த முதல் இரண்டு வரியை வைத்தே பாதி எழுத்துகளைப் பிடித்துவிடலாம். பென்சில்வேனியாவில் பெத்லகேம் ஊரில் உள்ள மொராவியன் காப்பகம் இந்த எழுத்துக்கு வகுப்பு நடத்துகிறது. டிரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் ஓரளவு படித்துத் தரும். ஆள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் அது தடுமாறும், அங்கே உங்கள் கண்தான் வேண்டும்.

காப்பகத்துக்குக் கொடுப்பது

மாமியார் சம்மதித்தால் இதுதான் நல்ல முடிவு என்பது என் எண்ணம். மாடிசனில் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம் இருக்கிறது, 1846இல் தொடங்கியது. அதே ஊரில் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் காடே நிறுவனம் 1983லிருந்து ஜெர்மன்-அமெரிக்கர்களின் மொழியையும் வாழ்க்கையையும் ஆராய்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். என்னென்ன இருக்கிறது என்று இரண்டு பக்கப் பட்டியலும் சில படங்களும் அனுப்பிக் கேளுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதும் உரிமை அவர்களுக்குப் போய்விடும், அது உண்மை. கையெழுத்துக்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஸ்கேன் உங்களுக்குக் கிடைக்குமா, வேண்டாம் என்று ஒதுக்குவதைத் திருப்பித் தருவார்களா, 1930களின் கட்டுக்குக் காலக்கெடு போடலாமா.

இன்னொன்று. கடிதத் தாள் பெற்றவர் குடும்பத்துக்குச் சொந்தம் என்றாலும், அதில் எழுதிய வார்த்தைகளின் பதிப்புரிமை எழுதியவருக்கும் வாரிசுகளுக்கும்தான். அமெரிக்கச் சட்டப்படி பிரசுரமாகாத கடிதத்துக்கு அது எழுதியவர் இறந்து 70 வருடம் வரை இருக்கும். எள்ளுத்தாத்தா காலத்துக் கடிதங்களில் பிரச்சினை இல்லை. 1950களில் எழுதிய அத்தையின் கடிதங்களைப் புத்தகமாகப் போட நினைத்தால் ஜெர்மனியில் உள்ள உறவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது வந்த கடிதங்கள் மட்டும். எள்ளுத்தாத்தா எழுதி அனுப்பியவை அந்தக் கிராமத்தோடு போயிருக்கலாம். ஆனாலும் ஜெர்மனியில் கோத்தா நகரத்து ஆய்வு நூலகம், அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குப் போன குடியேறியோர் கடிதங்களைப் பெரிய தொகுப்பாக வைத்திருக்கிறது. குடும்பப் பெயரையும் கிராமத்தின் பெயரையும் எழுதி ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

இதெல்லாம் அடுத்த மாதம் செய்யலாம், வீடு விற்கும் வரை நேரம் இருக்கிறது. புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயர் மட்டும் உங்கள் மாமியாரின் நினைவில்தான் இருக்கிறது. சின்ன வயதில் வீட்டில் பிளாட்டாய்ச் என்ற வட ஜெர்மன் வட்டாரப் பேச்சைப் பேசி வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். விஸ்கான்சினில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போது மிகக் குறைவு. இந்த ஞாயிற்றுக்கிழமை இருபது படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். போனை மேசையில் வைத்துப் பதிவைப் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு எண்ணைப் பென்சிலால் லேசாக எழுதிவைத்து, எண்ணைச் சொல்லிவிட்டு "இது யார், அத்தை?" என்று கேளுங்கள். அவர் வேறு எங்கேயோ போய் எதையோ சொன்னாலும் நிறுத்தாதீர்கள், பதிவு ஓடட்டும்.